அச்சம் விற்கும் ஊர்

நம் சங்கத்தின் இவ்வாண்டுச் சுற்றுலாவை இமேஜிகாவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு கூட்டங்களாகப் பேச்சு நடந்துவருகிறது. வேண்டும் என்பார் ஒரு பக்கம். "குழந்தைகள் ஆடுகிற இடத்தில் முதுகலை படிக்கிறவர்களுக்கு என்ன வேலை?" என்பார் ஒரு பக்கம். "இராட்டினத்தில் ஏறி உயிரை விடவா ஊரை விட்டு இத்தனை தூரம் வந்தோம்?" என்பார் மற்றொரு பக்கம். இவர்களுள் போய்ப் பார்த்தவர் மிகச் சிலரே. சென்ற டிசம்பரில் ஒரு புதன்கிழமை, ஆய்வுக்கூட நண்பர் மூவருடன் நான் அங்கே ஒரு முழு நாள் இருந்தேன். கண்டதையும், பௌதிகம் பயில்கின்றவன் என்ற முறையில் அதைப்பற்றி எண்ணியதையும் எழுதித் தருமாறு செயலாளர் கேட்டார், எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். இமேஜிகா புணேயில் இல்லை. ராய்கட் மாவட்டத்தில், கோபோலி என்னும் ஊரிலிருந்து பாலிக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது. ஏரவாடாவிலிருந்து ஆற்றைக் கடந்து, சிவாஜிநகர், சிஞ்ச்வட் வழியாகச் சென்று, மும்பை–புணே விரைவுச் சாலையைப் பிடித்தால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்த விரைவுச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பதை, 'பைக்கிலேயே போய்விடலாம்' என்று சென்ற கூட்டத்தில் முழங்கிய நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய நெடுஞ்சாலை அவர்களுக்காகக் காத்திருக்கிறது. ரயிலில் செல்வதாயின் லோணாவளா வரை உள்ளூர் வண்டி உண்டு. அதற்கப்பால் மலை இறங்க வேறு வண்டி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மலை இறக்கத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ அன்றைய நாளின் முதற்பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது. லோணாவளா கடல்மட்டத்திற்கு மேல் 600 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. கோபோலி அடிவாரத்தில் இருக்கிறது. இடையிலுள்ள போர் மலைவழியில் நம் பேருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் கீழே இறங்குகிறது. இமேஜிகாவின் மிகப் பெரிய சவாரியான 'நைட்ரோ'வின் உயரம் ஏறத்தாழ 40 மீட்டர். அதாவது, நைட்ரோவின் உச்சியைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேலான உயரத்தை நாம் பேருந்தில் அமர்ந்து, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு, ஒரு கூச்சலும் இன்றி இறங்கி முடிக்கிறோம். பிறகு உள்ளே போய், நாற்பது மீட்டருக்குக் கூவுகிறோம்! உயரம் மட்டும் அச்சந் தருவதில்லை. உயரத்தை எத்தனை விரைவில் செலவழிக்கிறோம் என்பதே அச்சந் தருகிறது.

செலவழித்தல் என்னும் சொல்லைத் தெரிந்தே இடுகிறேன். உயரம் என்பது சேமித்துவைத்த ஆற்றல். இதை நமக்கு முன்பே கண்டுகொண்டு காசாக்கியவர்கள் டாட்டா கம்பெனியார். மலைமேல் லோணாவளாப் பக்கத்து ஏரிகளில் மழைநீரைத் தேக்கி, குழாய் வழியே ஐந்நூறு மீட்டருக்கு மேல் கீழே பாயவிட்டு, 1915இல் கோபோலியில் நீர்மின் நிலையத்தை இயக்கினர். பம்பாயின் ஆலைகளுக்கு அங்கிருந்து மின்சாரம் சென்றது. அந்த நிலையம் இன்றும் வேலை செய்கிறது. நைட்ரோவின் வண்டி ஆட்களோடு சேர்த்துப் பத்து டன் என்று வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டேன். அதை 40 மீட்டர் தூக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம். ஒரு டன் நீர் அந்த மலையிலிருந்து கோபோலிக்கு இறங்கினால் கிடைப்பதும், இடையில் வீணாவது போக, ஏறத்தாழ அவ்வளவே. ஒரு வண்டி நிறைய மனிதர் தொண்டை கிழியக் கத்துவதற்கு ஒரு டன் மழைநீர் போதும் என்பது எனக்கு மிகவும் மலிவாகத் தோன்றுகிறது. நுழைவுச்சீட்டின் விலையைப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இத்தகைய பூங்காக்கள் எப்படித் தோன்றின? நம் ஊர்த் திருவிழாக்களில் குடை இராட்டினமும் ரங்கராட்டினமும் ஏறாதவர் இரார். மரத்தால் நான்கு பெட்டிகள். அதைச் சுற்றிவிட இரண்டு ஆட்கள். தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும் இராட்டினமும் வண்டியேறிவிடும். மேனாட்டில் இந்த வேடிக்கை நிலையாக ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டது. 1884இல் நியூயார்க்கை அடுத்த கோனித் தீவில் தாம்சன் என்பவர் மேடும் பள்ளமுமான மரப்பாதையில் வண்டியை உருட்டி, தலைக்கு ஐந்து செண்டு வாங்கினார். அதன் வேகம் இன்று ஒரு சைக்கிளுக்கும் குறைவு. ஆனாலும் கூட்டம் அலைமோதியது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஃபெர்ரிஸ் என்னும் பொறியியலார் 264 அடி உயர இரும்புச் சக்கரத்தை நிறுத்தினார். அதில் 36 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அறுபது பேர். நம் ரங்கராட்டினத்தின் பூதாகாரமான அண்ணன்!

இவை யாவும் வெறும் கேளிக்கைப் பூங்காக்கள். 'தீம் பார்க்' என்பது வேறு. 1955 ஜூலை 17ஆம் நாள் கலிஃபோர்னியாவில் வால்ட் டிஸ்னி திறந்த டிஸ்னிலேண்டே இந்த வகைக்கு முன்மாதிரி. அங்கே சக்கரத்துக்கும் சரிவுக்கும் மேலாக ஒரு கதை இருக்கிறது. வண்டியில் ஏறுகிறவன் வண்டியில் ஏறவில்லை. கடற்கொள்ளைக்காரனின் குகைக்குள் நுழைகிறான். வரிசையில் நிற்கும்போதே கதை தொடங்கிவிடுகிறது.

இங்கே ஒரு விஷயம் என் கவனத்தை ஈர்த்தது. டிஸ்னி திரைப்படக்காரர். தாம்பரத்தை அடுத்து 1995இல் கிஷ்கிந்தாவைத் தொடங்கிய நவோதயா அப்பச்சன் திரைப்படக்காரர். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாகிய 'மை டியர் குட்டிச்சாத்தானை' 1984இல் எடுத்தவர். அப்படத்தில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடப்பார்கள். அறையையே சுழலும்படி கட்டிவைத்துப் படமெடுத்தார்கள். அதுவே ஒரு பூங்காச் சவாரி அன்றோ? ஐதராபாத்தில் ராமோஜி ராவ் அமைத்ததோ திரைப்பட நகரமேதான். இமேஜிகாவை 2013 ஏப்ரலில் திறந்த மன்மோகன் ஷெட்டியும் 'ஆட்லேப்ஸ்' என்னும் படச்சுருள் பதனிடும் ஆய்வுக்கூடத்தை நடத்திச் சினிமாவில் வளர்ந்தவர். 2022இல் பூங்கா மால்பானி குழுமத்தின் கைக்கு மாறியது. எனினும் அதன் முகம் சினிமா முகந்தான். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் சினிமா போதாமல், நாற்காலியையும் சேர்த்துத் தூக்கி எறிகின்ற சினிமா எனலாம். இதை மனத்தில் கொண்டு உள்ளே போனால் அங்குள்ளவற்றில் பாதி தானே விளங்கிவிடும்.

இந்நாட்டில் இவ்வகை இடங்களுக்கு ஆயுள் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். தில்லியில் 1984இல் திறந்த அப்பு கர் 2008இல் மூடப்பட்டது. மும்பையில் படகேறிப் போய்ச் சேரவேண்டிய எஸ்ஸெல் வேர்ல்ட் 1989இல் தொடங்கி ஒரு தலைமுறைக் குழந்தைகளை மகிழ்வித்துவிட்டு அடங்கிப்போயிற்று. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும்போது சும்மா சுற்றுகின்ற சக்கரத்துக்கு நகரில் இடமில்லை. அதனாலேயே இமேஜிகா இரு பெரு நகரங்களுக்கு நடுவே, மலையடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறது போலும்.

உள்ளே இருப்பவை மூன்று: பெரிய பூங்கா, நீர்ப்பூங்கா, பனிப்பூங்கா. மூன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. பனிப்பூங்கா என்பது செயற்கைப் பனி கொட்டிய குளிர்க்கூடம். உதகையில் ஜனவரி விடியலைப் பார்த்தவருக்கு அதில் புதுமை இல்லை. நீர்ப்பூங்கா நீச்சல் உடையும் வெயிலும் விரும்புகிறவர்களுக்கு. ஒரே நாளில் இரண்டைப் பார்ப்பேன் என்று கிளம்புகிறவர் இரண்டையும் பாதியாகப் பார்த்துத் திரும்புவர். நாம் போகவேண்டியது பெரிய பூங்கா.

அங்கே சவாரிகளை மனத்துக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்வது எளிது: உடம்பை உண்மையாகவே வீசுவன, வீசுவதாக உடம்பை நம்பவைப்பன.

நம்பவைப்பனவற்றுள் தலையாயது 'ஐ ஃபார் இந்தியா'. வரிசையாகத் தொங்கும் நாற்காலிகளில் கால் தரையில் படாமல் அமர்கிறோம். முன்னே மிகப் பெரிய வளைதிரை. வானூர்தியிலிருந்து எடுத்த இந்தியக் காட்சிகள் அதில் ஓடுகின்றன. நாற்காலி நகர்வது சில அடிகளே; மனம் மட்டும் மலைகளைத் தாண்டிப் பறக்கிறது. 'மிஸ்டர் இந்தியா' சவாரியிலும் இதே தந்திரம். காரணம் நம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் சுண்ணாம்புத் துகள் பதிந்த சிறு மெத்தைகள் உண்டு. தலை சாய்ந்தாலும் அவை சரியும்; வண்டி வேகமெடுத்தாலும் அவை சரியும். இரண்டில் எது நடந்தது என்று காதுக்குத் தனியே தெரியாது; கண்ணைத்தான் கேட்கும். ஆகவே, திரையில் வண்டி பாய்வதாகக் காட்டிக்கொண்டே நாற்காலியை மெல்லப் பின்னால் சாய்த்தால், 'பாய்கிறோம்' என்று உடம்பு ஒப்புக்கொள்கிறது. விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் யந்திரங்களும் இதே வழியில் ஏமாற்றுவன. கண்ணும் காதும் ஒத்துப்போகாதபோது சிலருக்குக் குமட்டும். அவர்கள் சிறிது கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

'ராத் ஆஃப் த காட்ஸ்', 'சலீம்கர்', 'அலிபாபா அவுர் சாலீஸ் சோர்' ஆகியவை நெருப்பும் நீரும் பேயும் திருடருமாகக் கழியும். பார்க்கலாம், வரிசை நீளமாயிருந்தால் விட்டுவிடலாம்.

'ராஜாசாரஸ்' என்னும் படகுச் சவாரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நனைவதற்காகச் சொல்லவில்லை. பூங்காவில் உள்ள பூதங்கள் எல்லாம் கற்பனையாயிருக்க, இந்த ஒரு விலங்கு உண்மை. ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்பது நம் நாட்டு டைனோசார், ஊனுண்ணி, தலையில் சிறு கொம்பு உடையது. குஜராத்தில் ராஹியோலியில் 1980களில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து 2003இல் விஞ்ஞானிகள் அதற்கு இப்பெயரிட்டனர். அது வாழ்ந்தது ஆறரைக் கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இந்தச் சஹ்யாத்திரி மலைகளை ஆக்கியதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். படகு வளைகிற இடத்தில் யந்திரப் பல்லி வாயைப் பிளக்கிறது, குழந்தைகள் அலறுகின்றன. தலையை நிமிர்த்தினால், அப்பல்லி உண்மையிலேயே உலவிய நாளில் கொதித்துக்கிடந்த பாறை, பச்சைப் போர்வை போர்த்துக்கொண்டு மலையாக நிற்கிறது! பூங்காக்காரர் இதை நினைத்துப் பெயரிட்டார்களோ என்னவோ, எனக்கு அது ஒன்றே சீட்டின் விலைக்கு ஈடாயிற்று. அரியலூர்ப் பக்கத்து மாணவர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்வார்கள். அவர்கள் ஊர் மண்ணைத் தோண்டினாலே அக்காலத்துக் கடற்சிப்பி கிடைக்குமன்றோ!

இனி, உடம்பை உண்மையாகவே வீசும் சவாரிகள். கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றிக் கீழே விடுவது 'டேர் டு டிராப்'. ஊசலாட்டிக்கொண்டே சுழற்றுவது 'ஸ்க்ரீம் மெஷின்'. நின்ற இடத்திலிருந்து உந்தித் தள்ளி இருட்டுக்குள் பாய்ச்சுவது 'டீப் ஸ்பேஸ்'. முதன்முறை ஏறுகிறவர்கள் 'கோல்ட் ரஷ் எக்ஸ்பிரஸ்' என்னும் சிறு வண்டியில் பழகிக்கொள்ளலாம். இவற்றுக்கெல்லாம் அரசு நைட்ரோ.

நைட்ரோ ஒரு ரோலர் கோஸ்டர். சுவிட்சர்லாந்தின் பாலிகர்–மாபியார் நிறுவனம் கட்டியது. வண்டிக்கு அடித்தளம் இல்லை. கால்கள் அந்தரத்தில் தொங்கும். ஐந்து இடங்களில் நம்மைத் தலைகீழாக்கும். இதில் கவனிக்கவேண்டியது, வண்டியில் எஞ்சினே இல்லை என்பதுதான். சங்கிலி ஒன்று அதை உச்சிவரை இழுத்துச் செல்கிறது. அப்போது 'டக், டக்' என்று ஓசை கேட்கிறதே, அது நம்மைப் பயமுறுத்தச் செய்த ஏற்பாடு என்று என் நண்பர் கருதினார். அன்று, சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னுக்கு உருளாதபடி பற்களில் கொக்கி ஒவ்வொன்றாக விழுகிற ஓசை அது. கேணியில் கமலை இழுக்கும்போது கேட்ட ஓசைபோல நம் காதுக்கு இனிக்கவேண்டும். உச்சி தாண்டியதும் சங்கிலி விட்டுவிடும். அதன்பின் யாவும் அந்த நாற்பது மீட்டர் முதலீட்டின் வட்டி. நாற்பது மீட்டர் விழுந்த பொருளின் வேகம் நொடிக்கு 28 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பருமனானவரும் மெலிந்தவரும் ஒரே வேகத்தில்தான் இறங்குவர். கலீலியோவின் கணக்கில் எடைக்கு இடமில்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னே தாராவித் தமிழ்க் குடும்பம் ஒன்று நின்றது. நெல்லைப் பக்கத்துப் பேச்சு. பேரன் ஏறப்போகிறான், ஆச்சி மட்டும் வேலிக்கு வெளியே நின்று வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தமிழ் பேசுவது கேட்டதும், "தம்பி, அந்தா தலைகீழாப் போவுதே, அந்தக் கம்பி கழண்டா பிள்ளைய கீழ விழுந்திராதா?" என்றார். "ஆச்சி, சின்ன வயசில் தூக்குவாளியில் மோர் வைத்துத் தலைக்கு மேலே சுற்றியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஆச்சி சிறிது யோசித்து, "வேகமாச் சுத்தினாச் சிந்தாது" என்றார். அவ்வளவுதான் விஷயம். வளையத்தின் உச்சியில் நம்மைத் தாங்குவது பெரும்பாலும் தோள்பூட்டு அன்று, வேகம். நேரே போக விரும்பும் உடம்பைப் பாதை உள்நோக்கி வளைக்கிறது. அதனால் நாம் இருக்கையோடு அழுத்தப்படுகிறோம். தோள்பூட்டுக்கு வேலை வருவது, எடையே அற்றுப்போனதுபோல் வயிறு எழும்பும் திருகல்களில்.

அந்த வளையம் முழுவட்டமாக இல்லாமல், கண்ணீர்த்துளி வடிவில் நீண்டிருக்கும். இதற்குப் பின்னே பலரது கழுத்துவலி இருக்கிறது. 1895இல் கோனித் தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்ற வண்டியை முழுவட்ட வளையத்தில் ஓட்டினர். கணக்குப் போட்டால் விளங்கும்: முழுவட்டத்தின் உச்சியில் விழாமலிருக்க வேண்டிய குறைந்த வேகத்தோடு வந்தாலே, அடியில் நம் எடை ஆறு மடங்காகிவிடும். ஏறியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வளையமே வேண்டாம் என்று பல்லாண்டு கைவிட்டிருந்ததை, 1976இல் வெர்னர் ஸ்டெங்கல் என்னும் ஜெர்மானியப் பொறியியலார் மீட்டார். அடியில் வளைவை அகலமாகவும் உச்சியில் குறுகலாகவும் அமைத்தால் சுமை பரவிவிடும் என்பது அவர் கண்ட வழி. கழுத்து தப்பிற்று; கூச்சல் குறையவில்லை.

இதுதான் நான் சொல்ல வந்த செய்தியின் கரு. இவ்விடங்களில் அச்சம் வேறு, ஆபத்து வேறு. அச்சத்தைப் பெருக்கவும் ஆபத்தைக் குறைக்கவும் நூறாண்டுக்கு மேலாக ஒரே கூட்டத்தார் உழைத்திருக்கின்றனர். சக்கரத்தைப் பாருங்கள்: தண்டவாளத்தின் மேல் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியிலும் ஒன்று. 1919இல் ஜான் மில்லர் காப்புரிமை பெற்ற அந்த அடிச்சக்கரம் இருப்பதால் வண்டி தண்டவாளத்தை விட்டு எழவே முடியாது. முடிவில் நிறுத்துவதற்குக் காந்தத் தடைகள் வந்துவிட்டன. செம்புத் தகடு காந்தங்களுக்கிடையே பாயும்போது அதில் சுழல்மின்னோட்டம் பிறந்து, பாய்ச்சலையே எதிர்க்கிறது, லென்ஸ் விதி. மின்சாரம் நின்றாலும் இந்தத் தடை நிற்காது. பாதையும் ரயில்வேயைப்போல் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்வண்டி ஒரு துண்டை விட்டகலாமல் பின்வண்டிக்கு அதில் அனுமதி கிடையாது. நாம் வந்த போர் மலைவழி ரயில்பாதையிலும், கட்டுமீறிய வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தும் கிளைப்பாதைகள் உண்டு. மலை இறங்குகின்ற வண்டிக்கு வேண்டிய புத்தி எங்கும் ஒன்றே.

ஆயின் விபத்தே நேர்வதில்லையா என்று வினவலாம். நேர்ந்திருக்கிறது. 2019 ஜூலையில் ஆமதாபாதின் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசல்போல் ஆடும் சவாரியின் தண்டு முறிந்து விழுந்தது, இருவர் இறந்தனர், பலர் காயமுற்றனர். அது வானளாவிய சவாரி அன்று. பார்ப்பதற்கு நைட்ரோவைக் காட்டிலும் சாதுவானது. இதைத்தான் நினைவில் வைக்க வேண்டும். உயரத்தைப் பார்த்து ஆபத்தை அளக்காதீர்கள். பராமரிப்பைப் பாருங்கள். பூட்டை நாமே மாட்டிக்கொண்டாலும் ஊழியர் ஒவ்வொருவரையும் தொட்டு இழுத்துச் சரிபார்க்கிறாரா? காலையில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்களா? உயரக் கோலுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை, தகப்பனார் கெஞ்சினாலும் திருப்பியனுப்புகிறார்களா? மழையும் மின்னலும் வந்தால் நிறுத்துகிறார்களா? அன்று எங்கள் கண்ணெதிரே, மும்பைக்காரர் ஒருவர் தம் மகனுக்காக எவ்வளவோ வாதாடியும் ஊழியப் பெண் அசையவில்லை. அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். எனக்கு அந்தச் சவாரியின் மேல் நம்பிக்கை பிறந்தது அந்த நொடியிலேதான். நம் ஊர்த் திருவிழா இராட்டினத்தில், "சின்னப் பையன்தானே, மடியில் வெச்சுக்குங்க" என்று இரக்கம் காட்டுவார்களே, அந்த இரக்கத்துக்குத்தான் நான் இப்போது அஞ்சுகிறேன்.

இதயநோய், முதுகுத்தண்டு நோய், வலிப்பு உள்ளவர்கள் கூச்சத்தால் மறைத்து ஏறக்கூடாது. "வா, ஆண்பிள்ளை இல்லையா?" என்று நண்பனை வற்புறுத்துவதும் கூடாது. மூக்குக்கண்ணாடியையும் கைப்பேசியையும் கீழேயே வைத்துவிடுங்கள்.

வரிசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பூங்காவைப் பற்றிப் பாதி சொன்னதாகாது. அங்கே கழியும் நேரத்தில் பெரும்பகுதி வரிசையிலேதான். மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி, வண்டிக்கு முப்பது பேர் என்றால் மணிக்கு 600 பேர். நமக்கு முன்னே 300 தலை தெரிந்தால் அரைமணி. சவாரியோ ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். கூட்டமில்லா நாளில் அதே இடம் பத்து நிமிடம். ஆகையால் ஞாயிறு, பள்ளி விடுமுறை, தீபாவளி வாரம் ஆகியவற்றில் போகவே கூடாது. கதவு திறந்ததும் எல்லோரும் வாயிலருகே இருப்பதில் மொய்க்கிறார்கள். நேரே நைட்ரோவுக்கு நடந்துவிட்டால் முதல் மணியில் இருமுறை ஏறலாம். உணவுக்கூடங்கள் நெரியும் ஒரு மணிக்கு உண்ணாமல், பன்னிரண்டுக்கு முன்போ மூன்றுக்கு அப்புறமோ உண்பது நல்லது.

கூடுதல் பணம் தந்தால் விரைவு வரிசை உண்டு. பழநியிலும் திருப்பதியிலும் சிறப்புத் தரிசனச் சீட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வியப்பில்லை. எனினும் கணக்கைக் கவனியுங்கள்: விரைவு வரிசையில் ஒருவர் ஏறினால் வண்டியில் இடம் கூடுவதில்லை, பொது வரிசையில் ஒருவர் பின்தள்ளப்படுகிறார். பூங்கா நேரத்தை உண்டாக்கி விற்பதில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து மற்றொருவருக்கு விற்கிறது. நம் சங்கத்தார் அச்சீட்டை வாங்கவேண்டாம் என்பது என் கருத்து. புதன்கிழமையில் போனால் அதற்குத் தேவையும் இராது.

இனிப் பணம். நுழைவுச்சீட்டு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். நாளையும் பருவத்தையும் பொறுத்து மாறும். கல்லூரி அடையாள அட்டைக்கும், கூட்டமாக வருவோர்க்கும் சலுகை உண்டா என்று முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியுணவை உள்ளே விடமாட்டார்கள். உள்ளே விலை வேறு. பேருந்தும் சேர்ந்தால், நம்மில் பலருக்கு அது ஒரு மாதச் சாப்பாட்டுப் பணத்தில் பெரும்பகுதி. சென்ற ஆண்டுகளின் சுற்றுலாப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். கட்டணம் உயர்ந்த ஆண்டில் வராமற்போனவர்கள் ஒருவரும் 'பணமில்லை' என்று சொல்லியிருக்கமாட்டார்கள். ஒருவருக்குத் தேர்வு இருந்திருக்கும். ஒருவருக்கு ஊரிலிருந்து மாமா வந்திருப்பார். இன்னொருவருக்குக் காய்ச்சல். காவலாளியின் பிள்ளையும், கட்டடத் தொழிலாளியின் பிள்ளையும், உதவித்தொகை மூன்று மாதமாக வராமல் காத்திருக்கும் ஆய்வு மாணவரும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். கூச்சலிட்டு மகிழ்கிற இடத்துக்கு அவர்களை விட்டுவிட்டுப் போய்வருவதைக் காட்டிலும் சங்க மண்டபத்தில் கேரம் ஆடலாம்.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது. பொங்கல் விழாவுக்கு மேடை அலங்காரத்தில் செலவாகும் தொகையைப் பாதியாக்கி, மீதியைச் சுற்றுலாவில் போட வேண்டும். கட்டணத்தை ஒரே தொகையாக அறிவிக்காமல், இயன்றதை உறையிலிட்டுப் பொருளாளரிடம் கொடுக்கும்படி சொல்லலாம். எவர் எவ்வளவு கொடுத்தார் என்பது பொருளாளர் ஒருவருக்கே தெரிந்தால் போதும். பெயர்ப் பட்டியலில் தொகையை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகின்ற வழக்கம் இந்த ஒரு முறையாவது வேண்டாம். சவாரி பிடிக்காதவர்கள் வரலாம். 'ஐ ஃபார் இந்தியா'வும் ராஜாசாரஸும் மாலை ஊர்வலமும் அவர்களுக்குப் போதும்.

கடைசியாக ஒன்று. அன்று முழுவதும் நான் கண்டவற்றுள் உண்மையில் ஆபத்தானது எது என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன்: திரும்பும் பயணம். பகலெல்லாம் வெயிலில் நின்று களைத்த நாற்பது பேர், இரவு, சரக்கு லாரிகள் ஊர்ந்தேறும் மலைவழி, அதே ஐந்நூறு மீட்டரை இப்போது ஏறவேண்டும். இங்கே அடிச்சக்கரமும் இல்லை, காந்தத் தடையும் இல்லை, துண்டு துண்டாகப் பிரித்த பாதையும் இல்லை. இருப்பவர் ஓட்டுநர் ஒருவரே. நைட்ரோவில் ஏறப் பயந்தவர்கள் எல்லாம் இந்தப் பேருந்தில் நிம்மதியாக உறங்கிவிடுவார்கள்! ஆகையால் பேருந்து பேசும்போது இரண்டாவது ஓட்டுநருக்கும் சேர்த்துப் பேச வேண்டும். முடியாதென்றால், நாம் உள்ளே இருக்கும் நேரத்தில் ஓட்டுநர் படுத்துறங்க ஓர் அறையும் அவருக்கு மதியச் சாப்பாடும் நம் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும். பூங்கா மூடும் வரையில் தங்காமல், இருட்டுவதற்குள் அனைவரும் வாயிலுக்கு வந்து தலையெண்ணி ஏறிவிட வேண்டும். முன்னிருக்கையில் ஓட்டுநரோடு பேசிக்கொண்டு வர, இந்தியும் மராத்தியும் நன்கு தெரிந்த ஒருவர் வேண்டும். என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.